ஓ.கே.: போர்க்களத்தில் பிறந்த சொல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்முனையில் 'உயிரிழப்பு பூஜ்யம்' (0 Killed) என்று எழுதி வைத்த பலகையிலிருந்து 'ஓ.கே.' பிறந்ததாக ஞாயிறு இணைப்பில் வந்த துணுக்கைப் படித்தேன். கேட்கச் சுவையான கதைதான்; சான்றுதான் இல்லை. 1830களின் இறுதியில், சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளையே சுருக்கமாக வழங்குவது அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. 'ஆல் கரெக்ட்' (all correct) என்பதை 'ஓல் கொரெக்ட்' (oll korrect) ஆக்கிச் சுருக்கியதே ஓ.கே. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் அது அச்சேறியது. (நம் அச்சுப்பிழைகளுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை!)

அதனுடன் பிறந்த சுருக்கங்கள் பலவும் மறைய, இது மட்டும் நிலைத்ததற்கு 1840 தேர்தல் பெரிதும் உதவியது. கிண்டர்ஹூக் என்னும் ஊரில் பிறந்த குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனை ஆதரவாளர்கள் 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்றழைத்து, அந்த இரண்டெழுத்தையே முழக்கமாக்கினர். தேர்தலில் அவர் தோற்றுப்போனார். இவற்றையெல்லாம் பழைய இதழ்களைப் புரட்டி 1960களில் எடுத்துக்காட்டியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட்.

பொருளும் ஒன்றன்று. 'படம் ஓகே' என்றால் சுமார். 'லோன் ஓகே ஆயிடுச்சு' என்றால் ஒப்புதல். தொலைபேசியில் 'ஓகே, ஓகே' என்று இருமுறை வந்தால், பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று பொருள். அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.