ஆர் ஸ்கொயரை வைத்துப் படியை முடிவுசெய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுவாரிப் புள்ளிவிவரத்தின் மேல் நெளிவான போக்குக்கோடு வரைந்து, பக்கத்தில் "ஆர் ஸ்கொயர் 0.90" (தரவின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கோடு விளக்குகிறது என்ற எண், அதிகபட்சம் 1) என்று போடும் வழக்கம் நாளிதழ்களில் பரவிவருகிறது. கோட்டுச் சமன்பாட்டின் படியை (மாறியின் உயர்ந்த அடுக்கு; நேர்கோடு முதல் படி) கூட்டக் கூட்ட அந்த எண் குறையவே குறையாது. 12 புள்ளிக்கு 11ஆம் படி போட்டால் 1 ஆகிவிடும். எந்தப் படி போதும் என்பதை அது சொல்லாது.

அதற்கான அளவையை (ஏஐசி) ஜப்பானியப் புள்ளியியலாளர் ஹிரோட்சுகு அகைகே 1973இல் தந்தார். உண்மைக்குப் பதில் மாதிரியை (தரவை விளக்க நாம் போடும் சமன்பாட்டை) வைப்பதால் எவ்வளவு தகவல் இழக்கிறோம் என்பதன் மதிப்பீடு அது. பிழைகள் (புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிகள்) மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருந்தால் கணக்கு எளிது: பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகையைப் புள்ளி எண்ணிக்கையால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, மீண்டும் புள்ளி எண்ணிக்கையால் பெருக்கி, அளபுரு (தரவிலிருந்து மதிப்பிடும் எண்) ஒன்றுக்கு 2 வீதம் அபராதம் சேர்க்கவும். குறைந்த மதிப்பு வெல்லும்.

12 புள்ளிகளுக்கு ஆர் ஸ்கொயராக நேர்கோடு 0.80, ஐந்தாம் படி 0.90 தருவதாகக் கொள்வோம். விளக்கப்படாத பங்கு 0.20இலிருந்து 0.10 ஆகி, பிழை வர்க்கக் கூட்டுத்தொகை பாதியாவதால் ஆதாயம் 8.3 (2இன் இயல் மடக்கை × 12). நேர்கோட்டுக்கு அளபுரு 3, ஐந்தாம் படிக்கு 7 (பிழையின் பரவலும் ஓர் அளபுருதான், பலர் இதை எண்ணுவதில்லை). அபராத வித்தியாசம் 8. ஆக, ஏஐசி ஐந்தாம் படியையே தேர்ந்தெடுக்கும்! புள்ளிகள் குறைந்தால் அது இப்படி ஏமாறும். அளபுருவைப்போல் 40 மடங்குப் புள்ளிகள் இல்லையென்றால் ஏஐசிசி என்ற திருத்தம் தேவை: அளபுருவை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி, இரட்டித்து, புள்ளி எண்ணிக்கையில் அளபுருவும் ஒன்றும் போன மீதியால் வகுத்துச் சேர்க்கவும். அப்போது மொத்த அபராதம் நேர்கோட்டுக்கு 9, ஐந்தாம் படிக்கு 42. ஐந்தாம் படி வெல்ல 0.987 எட்டவேண்டும். புள்ளியியலாளர் ஷ்வார்ஸ் 1978இல் தந்த பிஐசி என்ற அளவையிலும் (அளபுரு ஒன்றுக்கு 2க்குப் பதில் புள்ளி எண்ணிக்கையின் இயல் மடக்கை) அபராத வித்தியாசம் 9.9, ஆதாயமான 8.3ஐவிட அதிகம்; நேர்கோடே நிற்கும்.

முந்தைய ஆண்டு மதிப்பைச் சேர்த்த மாதிரி ஒரு புள்ளியை இழக்கும். 11 புள்ளி மதிப்பெண்ணை 12 புள்ளி மதிப்பெண்ணோடு ஒப்பிடக் கூடாது. மடக்கை எடுத்த தரவில் பொருத்திய மாதிரிக்கு, தரவு மடக்கைகளின் கூட்டுத்தொகையை இரட்டித்துச் சேர்த்த பிறகே மற்றதோடு ஒப்பிடலாம்.

இன்னொன்று, இந்த அளவைகள் நாம் கொடுத்த மாதிரிகளுக்குள்தான் தேர்ந்தெடுக்கும். 2020 மே 5இல் அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழு, அன்றாடக் கொரோனா இறப்புகளுக்கு மூன்றாம் படி வளைகோடு வரைந்து வெளியிட்டது. மே நடுவிலேயே அந்தக் கோடு பூச்சியத்தை நெருங்கியது. ஆனால் மாத இறுதிக்குள் அமெரிக்காவின் மொத்த இறப்புகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. நோய் எப்படிப் பரவுகிறது என்பதற்கு அந்தக் கோட்டில் இடமே இல்லை. நான்காம் படியோ இரண்டாம் படியோ போட்டிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்