சிப்பாயின் கண்ணுக்கு எட்டும் தூரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்த் திரைப்படங்களைப் பற்றி எழுதும்போது நம் விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். எவ்வளவு இரத்தம் சிந்துகிறது, சிதறும் உடல்கள் எவ்வளவு தத்ரூபமாக இருக்கின்றன என்பதே அவர்களுடைய கேள்வி. அந்தக் கணக்கில், பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் தணிக்கைக்கு அஞ்சி உண்மையை மழுப்பியவையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அவற்றுள் சிறந்தவை சாதாரணச் சிப்பாயின் நிலையைக் காட்டிய அளவுக்குப் பின்னால் வந்த பல படங்கள் காட்டவில்லை என்பது என் கருத்து. போர் எந்தப் பக்கம் சாய்கிறது, அடுத்த மேட்டுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள், இந்த உத்தரவு எதற்காக வந்தது என்று எதுவுமே தெரியாமல் நடந்துகொண்டிருப்பவனின் இருட்டை அவை படம்பிடித்தன.

லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கி 1945இல் வந்த ‘எ வாக் இன் தி சன்’ படத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் சலேர்னோ கடற்கரையில் இறங்கும் ஓர் அமெரிக்கப் பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) ஆறு மைல் உள்ளே நடந்து ஒரு பண்ணைவீட்டைப் பிடிக்க வேண்டும், கதை அவ்வளவுதான். கரை சேரும் முன்பே லெப்டினன்ட் வீழ்ந்துவிடுகிறார். பிறகு பொறுப்பேற்கும் சார்ஜென்ட் ஒருவர் குண்டு எதுவும் படாமலே, தாங்க முடியாத மன அழுத்தத்தால் வழியில் உடைந்துபோகிறார். படம் அவரைக் கோழையாக்கிக் காட்டுவதில்லை. மற்றபடி நடை, காத்திருப்பு, ஓயாத பேச்சு. சண்டையை எதிர்பார்த்து உட்காருபவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்பும் சிப்பாயின் அனுபவத்தில் ஒரு பகுதி என்பதை இயக்குநர் அறிந்திருந்தார்.

அதே மைல்ஸ்டோன் 1930இல் எடுத்த முதல் உலகப் போர்ப் படமான ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ இன்னும் கூர்மையானது. அதன் எந்திரத் துப்பாக்கிக் காட்சிகள் பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது, விடுப்பில் ஊர் திரும்பும் பால் என்னும் ஜெர்மானிய இளைஞனின் எதிரிலேயே பெரியவர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பாரிசுக்கு எப்படி முன்னேற வேண்டும் என்று விவாதிக்கும் இடம். போரைக் கண்ணால் கண்டவனுக்கு அந்த மேசையில் சொல்ல ஒன்றுமில்லை. காணாதவர்களுக்கோ எல்லாம் தெரிந்திருக்கிறது. 1930 டிசம்பரில் பெர்லினில் இப்படம் திரையிடப்பட்டபோது, பிரசாரத் தலைவர் கோயபல்சின் தலைமையில் நாஜிகள் அரங்குக்குள் நாற்றக் குண்டுகளை வீசியும் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டும் காட்சியைக் குலைத்தார்கள். சில நாள்களில் தடையும் வந்தது. வீரமரணத்தின் பெருமை பேசியவர்களுக்கு, குழம்பி நிற்கும் ஒரு சிப்பாய் எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவற்றோடு 1962இன் ‘தி லாங்கஸ்ட் டே’ படத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1944இல் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியதை இரு தரப்பிலிருந்தும் விரிவாகச் சொல்லும் அப்படத்தில் தளபதிகளின் அறைகளுக்குள் எல்லாம் நாம் போய்வருகிறோம். வரலாற்றுப் பாடமாக அது நல்ல படம்தான். ஆனால் அன்று கடற்கரை மணலில் முகம் புதைத்துக் கிடந்தவனுக்குத் தெரியாத அத்தனையும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுடைய அச்சம் நம்மைத் தொடுவதில்லை.

சிப்பாயின் அறியாமை அவனைக் கொல்லவும் செய்யும் என்பதை ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ (1957) காட்டியது. நிறைவேற்றவே முடியாத ஒரு தாக்குதல் தோற்றதற்காக மூன்று பிரெஞ்சு வீரர்கள் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சுடப்படுகிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது வெறும் சீட்டுக் குலுக்கல். இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது: 1915இல் சுவென் என்னும் ஊரருகே நான்கு பிரெஞ்சு கார்ப்பரல்கள் இவ்வாறே சுட்டுக் கொல்லப்பட்டு, 1934இல்தான் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பாயிற்று. அந்தப் படமும் பிரான்சில் 1975 வரை திரையைக் காணவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. எதிரிக்கு முகமே கொடுக்காத பழக்கம் அக்காலப் படங்கள் பலவற்றில் உண்டு. தூரத்துத் துப்பாக்கி ஒளியைத் தவிர வேறெதையும் காணாத சிப்பாயின் பார்வைக்கு அது பொருந்துவதுதான் என்றாலும், பிரசாரத்துக்கும் அதுவே வசதியாக இருந்தது. குண்டுக்குழி ஒன்றில் தான் குத்திய பிரெஞ்சுக்காரனின் சாவைப் பக்கத்திலிருந்து பார்க்கும்படி இளைஞன் பால் என்பவனைச் சிக்கவைத்ததன் மூலம் மைல்ஸ்டோன் அந்த வசதியை 1930இலேயே மறுத்திருந்தார்.

ஆகவே, தங்கள் நாளிதழின் திரைப்பகுதியில் போர்ப்படங்களை மதிப்பிடும்போது, படத்தில் வரும் சிப்பாய்க்குத் தெரியாத எவற்றையெல்லாம் அப்படம் நமக்குக் காட்டுகிறது, அதனால் அவனை எவ்வளவு தூரம் தள்ளி நின்று பார்க்க வைக்கிறது என்ற கேள்வியையும் விமர்சகர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்