கொல்லையில் ஒரு எலிப்பொறிக்கு இடம் கொடுங்கள்

அன்புள்ள வெலிங்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். தெருவில் எலிப்பொறி வைக்கும் குழுவினர் வந்து கதவைத் தட்டினால், நம்மவர்கள் பலர் சிரித்த முகத்தோடு "வேண்டாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். உயிரைக் கொல்வது பாவம், அதுவும் பிள்ளையாரின் வாகனத்தை! அந்தத் தயக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் பொறி வைக்காவிட்டாலும் இந்த ஊரில் உயிர்கள் சாகத்தான் செய்கின்றன. நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

நியூசிலாந்து மண்ணுக்கே உரிய, கடலில் வாழாத பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். அதனால் மோப்பம் பிடித்து வரும் எதிரியைச் சமாளிக்க இங்குள்ள பறவைகளுக்குத் தெரியாது. கப்பலேறி வந்த எலி, மரமேறி டூயிப் பறவையின் முட்டையைத் தின்கிறது. முயலை ஒழிக்க 1880-களில் ஸ்டோட்டைக் கொண்டுவந்தார்கள். கீரி போல மெலிந்த அந்தப் பிராணி முயலோடு நிற்கவில்லை. காவல் இல்லாத காட்டில் பிறக்கும் கிவிக் குஞ்சுகளில் நூற்றுக்கு ஐந்து தேறினாலே அதிகம்.

வேலி போட்டுக் காக்கும் ஸீலாண்டியா பறவைச் சரணாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதவர் நம்மில் யார்? அந்த 8.6 கிலோமீட்டர் வேலி எலியைத் தடுக்கும், பறவையைத் தடுக்காது. உள்ளே பெருகிய டூயியும் காகா கிளியும் வேலி தாண்டி நம் கொல்லைகளுக்கு வந்துவிட்டன. இங்கே அவற்றுக்கு யார் காவல்?

நம் வெலிங்டனின் மிராமர் தீபகற்பத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 20,000 பேர் குடியிருக்கும் இடம். எலி, ஸ்டோட், அதைப் போலவே இன்னும் சிறிய வீசல் மூன்றும் அங்கே ஒழிந்துவிட்டதாக 2023-ல் அறிவித்தார்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்துக்குள் ஆட்களை விட்டதால்தான் அது நடந்தது. இடையில் நாலு வீடு மறுத்தால், அந்த நாலு கொல்லையிலும் எலி குட்டி போட்டு மறுபடி தெரு முழுக்கப் பரவிவிடும்.

"கூண்டில் பிடித்துப் புதர்ப்பக்கம் விட்டுவிடலாமே?" என்று கேட்கிறார்கள். பறவை கூடு கட்டுவதும் அதே புதரில்தானே! ஊரிலிருந்து பசை அட்டை வாங்கி வந்தவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2015 முதல் இங்கே அதற்குத் தடை இருக்கிறது. நியாயமான தடை, எலி மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகும். குழுவினர் தரும் மரப்பெட்டிக்குள் இருப்பது வில்பொறி. சரியாக வைத்தால் சட்டென்று முடிந்துவிடும். எலி நுழையும் அளவுக்குத்தான் துளை என்பதால் பெரிய பறவையோ குழந்தையின் கையோ சுலபமாக உள்ளே போகாது. தேங்காய்ச் சில்லெல்லாம் தேவையில்லை, ஒரு துளி வேர்க்கடலை வெண்ணெய் தடவினால் போதும்.

செத்த எலியைத் தொட மனம் வராதவர்கள் அதை வெளிப்படையாகவே சொல்லுங்கள். எடுத்துப் போட ஆள் கிடைக்குமா என்று குழுவில் கேட்டுப் பார்க்கலாம். உங்களிடம் நான் கேட்பது இடம் மட்டும்தான்: வேலியோரமோ, உரக்குழிக்குப் பக்கத்திலோ. அப்புறம், மிஞ்சிய சோற்றை மூடியில்லாத உரத்தொட்டியில் கொட்டாதீர்கள்.

செப்டம்பரில் வசந்தம் வந்துவிடும், பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். அதற்குள் உங்கள் தெருக் குழுவுக்குச் சம்மதம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்