கதவு எண் தெரிந்தால் போதும், அப்பா

பியூனஸ் அயர்ஸ்,
ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு நீங்கள், அம்மா, அப்பாயி, தங்கச்சி எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. மூன்று மாதமாக எழுதாமல் இருந்தது தப்புதான். வேலை அதிகம், வேறொன்றுமில்லை. "அவ்வளவு பெரிய ஊரில் தபால்காரன் வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறான்?" என்று கேட்டிருந்தீர்கள். தபால்காரரான நீங்கள் வேறு எதைக் கேட்பீர்கள்!

ஊர் நடுவே ரிவதாவியா என்று ஒரு நீளச் சாலை, பிளாசா தே மாயோ திடல் பக்கம் தொடங்கி மேற்கே போகிறது. குறுக்கே வரும் தெருக்கள் அதைத் தாண்டியதும் பெயர் மாறிவிடும்: வடக்கே ஃப்ளோரிடா, தெற்கே அதுவே பெரு. கதவு எண்ணும் அங்கிருந்துதான் இரண்டு பக்கமும் ஏறும். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே நூறு எண். அதைக் 'குவாத்ரா' என்பார்கள், ஏறக்குறைய 100 மீட்டர். 1450 என்றால் பதினைந்தாவது குவாத்ராவின் பாதியில் வீடு. யாரிடமும் வழி கேட்க வேண்டாம். இந்தக் கணக்கு உதைக்கும் இடம் பார்க்கே சாஸ் பேட்டை. அங்கே தெருக்கள் வட்டம் வட்டமாகப் போகும், பெர்லின் தெருவோடு நடந்தால் கிளம்பிய இடத்துக்கே வரலாம். பௌனெஸ் தெருவும் பௌனெஸ் தெருவும் சந்திக்கும் முனை ஒன்றுகூட உண்டு. உங்கள் சைக்கிள் அங்கே திணறியிருக்கும்.

இப்படி 48 பேட்டைகள். தெற்கே லா போகாவில் தகர வீடுகள். ஜெனோவாவிலிருந்து வந்தவர்கள் கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைப் பூசியதால் ஒரே வீட்டில் மூன்று நிறம். நடைபாதையும் சில இடங்களில் நம் திண்ணைக்கு மேல் உயரம். தென்கிழக்குக் காற்று ஆற்றுநீரை உள்ளே தள்ளிவிடும் என்பதற்காகக் கட்டியது. பகலில் பார்க்கலாம், இருட்டியபின் வேண்டாம். சான் தெல்மோவில் ஒரு காலத்தில் பணக்காரர்கள் இருந்தார்கள். 1871இல் மஞ்சள் காய்ச்சல் வர, வடக்கே ரெகோலெத்தா பக்கம் போய்விட்டார்கள். விட்டுப்போன மாளிகைகளில் அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் குடியேறினார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குக் குறையில்லை. கொத்தமல்லிக்கு லினியர்ஸ் போக வேண்டும், அதே ரிவதாவியாவில் எண் 11,000ஐத் தாண்டி. ஒன்சே நிலையத்தில் ரயில் ஏறலாம். பொலிவியாக்காரர் கடைகளில் காய்ந்த மிளகாய் மூட்டை மூட்டையாக, மரவள்ளியும் உண்டு. புளிக்கும் தேங்காய்ப்பாலுக்கும் பெல்கிரானோவின் சீனப் பேட்டை. கறிவேப்பிலைதான் கண்ணில் படவில்லை. பஸ்ஸில் இறங்குமிடத்தை ஓட்டுநரிடம் சொன்ன பிறகே பயண அட்டையைக் கருவியில் வைக்க வேண்டும். அட்டையில் காசு தீர்ந்தாலும் இரண்டொரு தடவை கடனாக ஓடும். நான் பெரும்பாலும் நடக்கிறேன், உடம்புக்கு நல்லதுதானே.

எதிர்வீட்டுப் பாட்டி மாதா மாதம் 29ஆம் தேதி கதவைத் தட்டுவார். அன்று இங்கே ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிடும் வழக்கம், மாசக் கடைசியில் கை காலியாக இருக்கும் என்பதால் வந்ததாம். ஒரு கிலோ பழைய உருளை, கால் கிலோ மைதா, ஒரு முட்டை. தோலோடு வேகவைக்க வேண்டும், உரித்து வேகவைத்தால் தண்ணீர் குடித்துவிடும். அப்புறம் மாவு அதிகம் கேட்கும், கடித்தால் ரப்பர்தான். உருண்டை கொதிநீரில் மேலே மிதந்ததும் எடுத்துவிட வேண்டும். தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு வைத்தால் பணம் சேருமாம். பாட்டி எனக்கும் சேர்த்து அவரே வைத்துவிடுகிறார்.

இங்கே ஆடிதான் குளிர்காலம். நேற்று லினியர்ஸில் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரம்மா இன்னொரு கட்டு வேண்டுமா என்றாள். நம் கொல்லைக் கிணற்றடி ஈரம்கூட அதில் அடித்தது.

அது போகட்டும். பெரியப்பா கேட்கிறார் என்று வரப்புத் தகராறில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், சர்வேயர் வந்து அளக்கட்டும். சொசைட்டியில் வைத்த அம்மா சங்கிலிக்கு வட்டி மட்டும் இப்போது கட்டுங்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளித்தான் வரும், பாங்க்கில் ஏதோ தாமதம். தங்கச்சியைப் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் சின்ன மாமாவைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேசினால் எல்லாவற்றுக்கும் சரி என்பீர்கள். அப்பாயி கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறதா? மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்ததா? காலை ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள், இங்கே முந்தின இரவு ஒன்பதரை. விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்