எங்கள் பையனோடு சேர்ந்து மாறிய எல்லோருக்கும் நன்றி

மண்டபம் கடற்கரைத் தெரு உறவுகளுக்கு வணக்கம்.

என் மகனுக்குப் பத்து வயது. வயதுக்கு மீறிய எடையோடு அவன் பட்ட சிரமம் உங்களுக்குத் தெரியும். இப்போது மூச்சு வாங்காமல் பந்து விளையாடுகிறான். அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா. பிள்ளைகளின் எடையைப் பெரியவர்கள் கணக்கில் பார்க்கக் கூடாது, வயது, உயரம் எல்லாம் சேர்த்து வளர்ச்சி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். "வளர்ற பிள்ளையைப் பட்டினி போடாதீங்க. எடை மேல ஏறாம நின்னாலே பெரிய விஷயம், உயரம் கூடக் கூடச் சரியாகும். ஆனா மாறுறதுன்னா வீட்டுல எல்லாரும் மாறணும்" என்றார். அவனை வெளியே விளையாட அனுப்பிவிட்டு இதைப் பேசினாரே, அந்த மனசுக்குக் கோடி நன்றி.

அடுத்து என் அத்தை. பேரன் தட்டு நிறையப் பொரித்த மீன் வைப்பதுதான் அவர் பாசம். அவரே பொரிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாளில் சாளையையும் நெத்திலியையும் குழம்பு வைத்தார், கூடவே முருங்கைக்கீரை. பையனுக்கென்று தனிச் சமையல் கிடையாது, வீட்டுக்கே ஒரே சட்டி. சாப்பிடும்போது யார் கையிலும் போன் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அத்தை சொன்னால் அப்பீல் ஏது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களுக்குக் கை காய்ந்திருக்கும் 61 நாள். அந்தக் கவலைக்கு நடுவிலும் என் கணவர் கரையில் நிற்கும் படகைப் பழுது பார்க்கப் போகும்போது மகனையும் நடத்தியே கூட்டிப் போனார், சாயங்காலம் நீச்சல் பழக்கினார். டாக்டரம்மா கேட்ட தினம் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் அப்படித்தான் வழக்கமாயின.

தெருமுனைக் கடை அக்காவை என்னவென்று சொல்ல! கலர் பாட்டில் கேட்டால் மோரை நீட்டுவார். கோடையில் நுங்கு, தை பிறந்தால் பனங்கிழங்கு, மற்ற நாளில் அவித்த கடலை. வியாபாரம் குறையும் என்று தெரிந்தே செய்தார், அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும். இவனுக்கு மட்டும் மறுத்திருந்தால் அவன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்.

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட பையன்களின் அணியிலேயே இவனைக் கோல்கீப்பராகச் சேர்த்துவிட்ட விளையாட்டு வாத்தியாருக்கும் நன்றி. எத்தனை பந்து தடுத்தான் என்றுதான் அவர் பேசுவார், எடையைப் பற்றிப் பேசவே மாட்டார். அப்புறம் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்று கேட்டதிலிருந்து, இரவில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இளைத்தான் என்றோ பெருத்தான் என்றோ அவன் காதுபடப் பேச வேண்டாம். சாயங்காலம் விளையாடக் கூப்பிடுங்கள், ஓடி வருவான்.

அன்புடன்,
அவன் அம்மா