நம் புகைப்படக்காரர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தருமபுரி நகரத்தோடு பென்னாகரம், பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். படிக்காமலேயே கைகூப்பும் படம் ஒன்று திரும்பி வரும்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாளில் கேக் வெட்டினோம். 1839இல் அந்தத் தேதியில்தான் டாகேர் கண்டுபிடித்த முறையை பிரெஞ்சு அரசு உலகத்துக்கு வெளியிட்டது என்று நான் பேச ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் கேக் தீர்ந்துவிட்டது. ரத்ததான முகாம் நடந்தது. கோடையில் மோர்ப் பந்தல் நடந்தது. மாதக் கூட்டம் பன்னிரண்டு முறை கூட்டினோம், ஐந்து முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இனி, சென்ற பொதுக்குழுவில் "செயலாளர் சங்கக் காசில் புத்தகம் வாங்கிவிட்டார்" என்று எழுந்த கேள்விக்கு வருகிறேன். ஆமாம், வாங்கினேன். முகப்படம் எடுப்பது, லைட் வைப்பது பற்றி மூன்று ஆங்கிலப் புத்தகங்கள். இரண்டு பழையது, ஒன்று புதியது. மொத்தம் 3,400 ரூபாய். அதில் ஆயிரம் என் கைக்காசு. ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் என் மானமும் கொஞ்சம் போகும்.

வைகாசியில் நான் எடுத்த ஒரு கல்யாணம். மேடையில் குடும்பமாகப் பதினான்கு பேர். லைட் ஸ்டாண்டை வழக்கம்போல இடது ஓரத்தில், முதல் ஆளுக்கு ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினேன். ஆல்பத்தில் பார்த்தால் இடது ஓரத்துச் சித்தி முகம் வெளுத்துப் போயிருக்கிறது, நடுவில் மணமக்கள் சுமார், வலது ஓரத்தில் நின்ற தாய்மாமன் இருட்டில் இருக்கிறார். சீர்வரிசை சுமந்து வந்த தாய்மாமன்! பாக்கிப் பணம் இன்றுவரை வரவில்லை. ஃபிளாஷ் பவரைக் கூட்டி வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்றுதான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருட அனுபவம் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

முதல் புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்தது. ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதை நம்பாதவர்களுக்காக இரவில் மொட்டை மாடியில் தையல்காரர் டேப்பை வைத்து அளந்து பார்த்தோம். ஒரு மீட்டரில் எஃப் 8 கேட்ட அதே ஃபிளாஷ் இரண்டு மீட்டரில் எஃப் 4 கேட்டது, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் விடும் அளவுக்கு லென்ஸ் திறப்பைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அன்று நான் பவரைக் கூட்டியிருந்தால் மாமனோடு சேர்ந்து சித்திக்கும்தான் கூடியிருக்கும். செய்திருக்க வேண்டியது, லைட்டைப் பின்னுக்கு இழுப்பது. நான்கு மீட்டரில் நிற்பவருக்கும் ஐந்து மீட்டரில் நிற்பவருக்கும் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்கூட வராது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு).

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, எல்லோரும் சும்மா இருப்போம் என்பதால் ஆடி முதல் ஞாயிறில் வகுப்பைத் தொடங்கினோம். பதினேழு பேர் வந்தார்கள். ஆங்கிலம் எனக்கும் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஓர் உறுப்பினரின் கல்லூரி படிக்கும் மகள் வாசித்துச் சொன்னாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும், லைட் தெரியாது. நமக்கு லைட் தெரியும், ஆங்கிலம் தெரியாது. இரண்டும் சேர்ந்து வண்டி ஓடியது. பிராட் லைட்டிங், ஷார்ட் லைட்டிங் என்று இரண்டு வாரம் குழம்பிக் கிடந்தோம். அப்புறம் அரூர்த் தம்பி ஒருவர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். முகம் லேசாகத் திரும்பியிருக்கும்போது கேமராவுக்குத் தெரிகிற காது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தால் பிராட். காது தெரியாத பக்கம் விழுந்தால் ஷார்ட். அன்றிலிருந்து நம்மிடம் "காது லைட்", "காதில்லா லைட்" என்றுதான் பெயர். ஒல்லியான முகத்துக்குக் காது லைட், அகன்ற முகத்துக்குக் காதில்லா லைட். புத்தகத்தில் நான்கு பக்கம் இதற்கு.

வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட் பாக்ஸ் வாங்கப் பணம் இல்லை என்பதால் வேட்டி கட்டினோம், அதாவது கம்பில். சூரியன் எவ்வளவு பெரியது, ஆனாலும் தூரத்தில் இருப்பதால் நம் கண்ணுக்குச் சின்ன வட்டம். அதனால்தான் நிழல் கத்தி மாதிரி விழுகிறது. அந்த வெயிலை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்த ஒற்றை மடிப்பு வேட்டி வழியாக விட்டால் வேட்டியே பெரிய விளக்காகிவிடும், நிழலின் ஓரம் கரைந்துவிடும். கரை இல்லாத வேட்டி கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒருவர் கட்சிக் கரை வேட்டியோடு வந்துவிட்டார். மாடலாக உட்கார்ந்த பெரியவர் தாடையில் கட்சி நிறம் அடித்தது. அவர் வேறு கட்சி.

புத்தகங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாங்கள் வாங்கிய மூன்றிலும் மாடல்கள் வெளுத்த தோல்காரர்கள். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் நம்மூர் ஆளை நிறுத்தினால் அது வெள்ளையைக் கண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். அதைச் சரிக்கட்ட முகத்தை மட்டும் பெரிதாகப் பிடித்தால் கறுப்பைக் கண்டு கூட்டிவிடும், கறுப்பு முகம் சாம்பல் பூத்துப்போகும். கறுத்த தோலின் அழகு அதில் விழும் மினுமினுப்பில் இருக்கிறது. விளக்கு பெரிதாக இருந்தால் அந்த மினுக்கம் கன்னத்தில் அகலமாகப் படர்ந்து முகத்தின் வடிவத்தைக் காட்டும். சின்ன ஃபிளாஷ் என்றால் எண்ணெய்ப் பொட்டு மாதிரி தெறிக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆனது. கணினியில் முகத்தை வெளுக்க வைப்பதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது, "கஸ்டமர் கேட்கிறாரே" என்றார்கள். அந்த விவாதம் முடியவில்லை.

அரூர்ப் பக்கம் ஓர் உறுப்பினரின் நிலத்தோரம் நடுகல் ஒன்று நிற்கிறது. உச்சி வெயிலில் போனால் வெறும் பலகைக் கல். காலை 7 மணிக்குச் சூரியன் பக்கவாட்டில் அடிக்கும்போது வீரனின் வில்லும், தலைக்குமேல் வட்டெழுத்தும் எழும்பி வந்தன. நடுகல் நெளியாது, சிரிக்கச் சொல்ல வேண்டாம், பாக்கியும் வைக்காது; இதைவிட நல்ல மாடல் கிடையாது. கல்லில் எழுத்தை எழுப்பும் அதே பக்க வெளிச்சம், முகத்தில் சுருக்கத்தை எழுப்பும். கேழ்வரகு அறுக்கும் பாட்டிக்கு அது வேண்டும், கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது. அன்று வந்தவர்கள் ஒன்பது பேர்.

மூக்குக்கண்ணாடி மினுக்கத்துக்கும் வழி கிடைத்தது. ஒளி பட்ட கோணத்திலேயே திரும்பும் என்பதால் விளக்கை உயர்த்திவிட்டு, காதுமேல் இருக்கும் கண்ணாடிக் கம்பியை ஒரு நூல் தூக்கினால் போதும். 1941இல் ஒட்டாவாவில் யூசுஃப் கார்ஷ் சர்ச்சிலின் சுருட்டைப் பிடுங்கிவிட்டு அந்த முறைப்பைப் படமெடுத்த கதையையும் சொன்னேன். மாப்பிள்ளை வாயிலிருந்து வெற்றிலையைப் பிடுங்கினால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்களா என்று ஒருவர் கேட்டார்.

ஆவணி பிறந்தது, முகூர்த்தம் வந்தது, வகுப்பு நான்கு பேருக்கு இறங்கியது. தொழிலை விட்டுவிட்டு வரச் சொல்ல நான் யார்? ஆனால் முகூர்த்தமே இல்லாத மார்கழியிலும் அதே நான்கு பேர்தான். "புத்தகம் படிச்சா போட்டோ வருமா" என்று கேட்ட மூத்த உறுப்பினர் ஒருவர், போன மாதம் தனியாகக் கூப்பிட்டுக் கண்ணாடிக் கம்பி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சொல்லிக் கொடுத்தேன். வகுப்புக்கு வந்ததாக நோட்டில் எழுதிக்கொள்ளவா என்றேன், வேண்டாம் என்றார்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அண்ணனிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை; கையிருப்பு இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். ஒரு குடும்பக் குரூப் போட்டோவின் பிரேம் காசு. மூன்று ஆண்டாக அதைத் தராதவர்களும் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்களில் சிலர்தான் 3,400 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டவர்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இடம் கொடுத்த மண்டபத்தாருக்கும், வாசித்துக் காட்டிய மகளுக்கும், தெர்மாகோல் அட்டைகளை இலவசமாகத் தந்த கடைக்காரருக்கும், தலைவருக்கும், டீ கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை ஏற்க யார் முன்வந்தாலும் பீரோச் சாவியை இப்போதே கொடுத்துவிடுவேன். எனக்கும் வயதாகிறது, கடையையும் பார்க்க வேண்டும். யாரும் முன்வராவிட்டால் ஆடி முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு வழக்கமான மாடியில் வகுப்பு இருக்கும். சந்தா பாக்கியை அங்கேயே வாங்கிக்கொண்டு ரசீதும் தருவேன்.

இப்படிக்கு,
செயலாளர்

பின்குறிப்பு: மூன்றாவது புத்தகம், நீல அட்டை போட்டது, கார்த்திகையிலிருந்து காணவில்லை. இரவல் நோட்டில் கையெழுத்து புரியாதபடி இருக்கிறது; எனக்குப் புரிகிறது. படித்து முடித்தாகிவிட்டது என்றால் மண்டபத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிடலாம், நான் எதுவும் கேட்க மாட்டேன். படித்து முடிக்கவில்லை என்றால் வகுப்புக்கு எடுத்து வரவும்.