நச்சைப் பற்றிய துகள் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நானோ துகள்களைக் கொண்டு நீரிலுள்ள நச்சு உலோகங்களை நீக்கலாம் என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. துகள் நச்சைப் பற்றிக்கொள்ளும், நீரில் கரைந்துள்ள அளவு குறையும். இது உண்மைதான். ஆனால் அந்தத் துகளை நீரிலிருந்து பிரித்தெடுக்காவிட்டால் நச்சு எங்கும் போய்விடுவதில்லை. துகளின் மேல் ஏறி நிற்கிறது, அவ்வளவே.

நீர்த்தெள்ளும் (டாஃப்னியா என்னும் மிகச் சிறிய நன்னீர் உயிரி) மட்டியும் நீரை வடித்து உண்பவை. பாசியோடு துகளும் அவற்றின் குடலுக்குள் போகும். அங்கே உலோகம் துகளைவிட்டுக் கழன்று உடலில் சேரலாம். கெண்டை மீன்களில் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், காட்மியம் என்ற நச்சு உலோகத்துடன் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகளும் இருந்த நீரில், 25 நாளில் மீனுடலில் சேர்ந்த காட்மியம் இருமடங்கைத் தாண்டியது. ஒப்பீடு, காட்மியம் மட்டும் இருந்த நீரில் வளர்ந்த மீன்களோடு.

எல்லா நச்சும் இப்படி நடந்துகொள்வதில்லை. கூண்டு வடிவக் கரிம மூலக்கூறுகளான ஃபுல்லரீனின் துகள்கள், நீர்த்தெள்ளுக்குப் பினாந்த்ரீன் என்ற கரிம மாசின் நச்சைக் கூட்டின. பென்டாகுளோரோபீனால் என்ற இன்னொரு கரிம மாசின் நச்சைக் குறைத்தன. ஆகவே ஒரு துகளை ஒரு நச்சோடு சோதித்துவிட்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. நீரும் முடிவை மாற்றும். கடின நீரில் துகள்கள் திரண்டு அடியில் படியும். மீனுக்குச் சுமை குறையலாம், வண்டலில் வாழும் புழுக்களுக்குக் கூடும். மட்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் மிகுந்த நீரில் அவை நெடுநேரம் மிதக்கும்.

சோதனைகளில் பெரிய கோளாறு வடிகட்டியில்தான் நேர்கிறது. 0.45 மைக்ரான் வடிகட்டி என்றால் துளை 450 நானோமீட்டர். 25 நானோமீட்டர் துகள் அதில் தாராளமாக நுழைந்துவிடும். துகளின் மேலிருக்கும் காட்மியமும் ‘கரைந்தது’ என்ற கணக்கில் சேரும். துகளைவிடச் சிறிய துளையுள்ள சவ்வு வடிப்போ, சுழற்றித் துகளைப் பிரிக்கும் அதிவேக மையவிலக்கோ வேண்டும். நச்சு மட்டும், துகள் மட்டும், இரண்டும் சேர்ந்தது என மூன்று தொட்டிகளும், எதுவும் சேர்க்காத ஒன்றும் கட்டாயம். துகள் கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும் என்பதால் தொடக்கத்திலும் முடிவிலும் செறிவை அளக்க வேண்டும். வளர்ப்பு நீரில் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் அது உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நச்சைக் குறைத்துக் காட்டும்.

உயிரியை எடுத்தவுடன் அளப்பதும் தவறு. குடலில் கிடக்கும் துகள் உடலில் சேர்ந்தது ஆகாது. பாசி கலந்த தூய நீரில் விட்டுக் குடல் காலியான பிறகே அளக்க வேண்டும். வழக்கமான 48 மணி நேரச் சோதனையும் போதாது. டைட்டானியம் டை ஆக்சைடு துகள் மேலோட்டில் படிந்து நீர்த்தெள்ளின் தோலுரிப்பைத் தடுப்பது 96 மணி நேரம் வரை நீட்டினால்தான் தெரிகிறது.

எனவே ‘நீரில் உலோகம் குறைந்தது’ என்று மட்டும் சொல்லும் அறிக்கை தங்களுக்கு வந்தால், எந்த வடிகட்டியில் பிரித்து அளந்தார்கள், துகளை எப்படி மீட்டார்கள், உயிரியின் உடலில் அளந்தார்களா என்ற மூன்றையும் கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்தே வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
நன்னீர் நச்சியல் ஆய்வாளர்கள்